வாய் திறவாப் பிள்ளைகள்: பள்ளியில் பகடிவதையும் பெரியவர்களாகிய நாமும்

பகடிவதை என்னும் சொல்லை நமக்குப் பழக்கியவை நம் நாட்டுத் தமிழ் நாளேடுகள். பகடி என்றால் கேலி; வதை என்றால் துன்புறுத்தல். கல்லூரி விடுதிகளில் மூத்த மாணவர்கள் புதியவர்களைப் படுத்தும் பாட்டுக்கு வழங்கிய இச்சொல், இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கிடையே நடப்பதையும் குறிக்கிறது. பிள்ளைகளோ மலாய்ச் சொல்லையே வைத்துக்கொண்டு, "அவன் என்னைப் புலி பண்றான்" என்பார்கள். எழுத்தில் பார்த்தால் காட்டு விலங்கு நினைவுக்கு வரும். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் சண்டையிடுவது புதிதல்ல. இரண்டு பையன்கள் பந்துக்காக மல்லுக்கட்டி, மறுநாள் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தால் அது பகடிவதை ஆகாது. சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் என்னும் உளவியல் பேராசிரியர் 1970-ஆம் ஆண்டுகளில் இதை முறையாக ஆராயத் தொடங்கினார். துன்புறுத்த வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும், அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் எதிர்க்க இயலாமலும் இருக்க வேண்டும் என்று மூன்று அடையாளங்களை அவர் வகுத்தார். அந்த வலு உடல் பலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயது, பணம், நண்பர் கூட்டம், மொழித் திறமை, நிறம் ஆகிய எதுவும் வலுவாகலாம். ஒரு பெண் பிள்ளையை வகுப்பில் யாரும் பேசாமல் ஒதுக்கிவைப்பதும் பகடிவதையே. காயம் இல்லாததால் அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

1982-ஆம் ஆண்டின் இறுதியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்று தெரிந்தபோது அந்நாடு விழித்துக்கொண்டது. மறு ஆண்டே நாடளாவிய இயக்கம் தொடங்கப்பட்டது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் ஓல்வேயஸின் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் பகடிவதை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பெரியவர்கள் கண்ணைத் திறந்து பார்த்ததும், ஓய்வு நேரத்தில் ஆசிரியர்கள் திடலிலும் தாழ்வாரத்திலும் நின்றதும், எல்லாருக்கும் தெரிந்த ஒரு விதியை வகுப்பில் வைத்ததும்தான் அதன் அடிப்படை. பெரும் பணச் செலவு ஏதுமில்லை.

"சும்மா விளையாட்டுக்குத்தான்" என்ற பதிலை எந்தப் பள்ளி அலுவலகத்திலும் கேட்கலாம். பாரதக் கதை அறிந்தவர்களுக்கு இது பழைய பதில். சிறுவனாய் இருந்த பீமன், கௌரவப் பிள்ளைகள் பழம் பறிக்க மரமேறியிருக்கும்போது மரத்தை உலுக்கி அவர்களைக் கீழே விழச் செய்வான், முடியைப் பிடித்து இழுப்பான், நீரில் அமிழ்த்துவான். பகையினால் அல்ல, பிள்ளைத்தனத்தால் செய்தான் என்றே காவியமும் கூறுகிறது. ஆனால் விழுந்தவனுக்கு அது விளையாட்டாக இல்லை. துரியோதனன் பீமனுக்கு நஞ்சு வைத்தது இதன் பின்னர்தான். அரண்மனை நிறைய ஆன்றோர் இருந்தும் மரத்தடியில் நடந்ததை அப்போதே கேட்டுத் தீர்த்தவர் எவரும் இல்லை.

நமது பேராக் மாநிலத்துக்கு வருவோம்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

நாட்டிலேயே தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக், 134 பள்ளிகள். இவற்றுள் பல, ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவை. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. அப்படித் தோன்றிய ஒரே அறைப் பள்ளிகளில்தான் நம்மில் பலருடைய பெற்றோர் எழுத்தறிந்தனர். சுங்கை சிப்புட், பத்து காஜா, சிம்மோர், தாப்பா, பீடோர், பாகான் செராய் வட்டாரங்களில் லயங்களில் வாழ்ந்தோருக்கு அந்தச் சூழல் நன்கு தெரியும். விடியலில் பெரட்டு, பிறகு வெட்டுக்காடு, கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். மாலையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் எதிர் லயத்து மாமா வரை ஐந்து பேர் "யாருடா அடிச்சான்?" என்று கேட்டுவிடுவார்கள்.

அதற்காகத் தோட்ட வாழ்வைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அங்கும் கங்காணி மகன் அடிப்பான், பால்மரம் வெட்டுபவர் மகன் வாங்கிக்கொள்வான். கிராணி வீட்டுப் பிள்ளையைத் தட்டிக் கேட்க முடியாது. சாதியைச் சொல்லி ஏசுவதும் இருந்தது. ஆனால் நடப்பது பெரியவர்களின் கண்ணில் பட்டது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல, வீடமைப்பு நிலங்களாயின. குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கும், புந்தோங், சிலிபின் போன்ற பகுதிகளுக்கும், மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. தாயும் தந்தையும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். பிள்ளை கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அண்டை வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது. அழுத முகத்தைப் பார்க்க ஆளில்லை.

தமிழ்ப்பள்ளியில் நூறு பேருக்குள் ஒருவனாக, எல்லா ஆசிரியருக்கும் பெயர் தெரிந்தவனாக இருந்த பிள்ளை, பிறகு ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. மலாய் மொழியில் தடுமாறுவோர் புதுமுக வகுப்பில் ஓராண்டு தனியே இருந்துவிட்டுப் படிவம் 1-க்குப் போவார்கள். "ஒரு வருஷம் பிந்தியவன்" என்ற முத்திரை அங்கேயே விழுந்துவிடுகிறது. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு ஏற்படும் மாற்றங்களுள் இது மிகப் பெரியது. நம் பெற்றோர்களோ பாடநூல் பட்டியலையும் பேருந்துக் கட்டணத்தையும் மட்டுமே கவனிக்கிறோம்.

வீசப்படும் சொற்கள் எவை என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். "கருப்பு" என்பது ஒன்று. வேற்றினத்தார் வாயில் வரும் "கெலிங்" என்பது மற்றொன்று. ஆனால் "தோட்டக்காட்டான்" என்ற ஏச்சை நம் பிள்ளைகளை நோக்கிச் சொல்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. ஒரு தலைமுறைக்கு முன்பு தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள், சென்ற ஆண்டு வந்தவனைப் பார்த்து அப்படிச் சொல்கின்றன. இச்சொற்களைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டில் நாம் மாப்பிள்ளை பார்க்கும்போது நிறத்தைப் பற்றிப் பேசுவதையும், கல்யாண வீட்டில் பிறர் ஊரைச் சொல்லிச் சிரிப்பதையும் கேட்டே கற்றுக்கொள்கின்றன.

இப்போது இவை பள்ளி மணியோடு முடிவதுமில்லை. புலனம் எனப்படும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையனின் படத்தைப் போட்டு அடியில் ஒரு வரி எழுதிவிட்டால், அன்றிரவு முப்பது பேர் சிரிக்கிறார்கள். அடிபட்டவன் படுக்கையில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஏன் சொல்வதில்லை?

பிள்ளைகள் வாய் திறவாமைக்குப் பயம் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். "என்னிடம் ஏதோ குறை இருப்பதால்தான் என்னைப் படுத்துகிறார்கள்" என்று பிள்ளை நம்பத் தொடங்கிவிடுகிறது. மேலும், அப்பாவின் சுமை அதற்குத் தெரியும். இரண்டு வேலை பார்த்துவிட்டு வரும் அம்மாவிடம் இன்னொரு கவலையைக் கொடுக்க அதற்கு மனம் வருவதில்லை. ஆகவே வாய் பேசாததை உடல் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு வயிற்றுவலி வரும், சனிக்கிழமை வராது. கைச்செலவுக்குக் கொடுத்த காசு இல்லை, சிற்றுண்டிச்சாலையில் சாப்பிடவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டியைத் துழாவுகிறது. பள்ளிக் கழிப்பறைக்குப் போக அஞ்சி நாள் முழுதும் அடக்கிக்கொண்டு, ஓடிவந்து வீட்டில் போகிறது. நோட்டுப்புத்தகம் கிழிந்திருக்கும், "தொலைஞ்சு போச்சு" என்னும். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டொழித்த எட்டு வயதுப் பிள்ளை மீண்டும் நனைக்கலாம். நன்கு படித்தவனின் மதிப்பெண் சரியலாம். இவற்றுள் ஒன்றைக் கண்டதும் பகடிவதைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து, சில வாரங்கள் நீடித்தால் விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பது எப்படி என்பதில்தான் நாம் பெரும்பாலும் சறுக்குகிறோம். "யாராவது அடிச்சாங்களா? சொல்லு!" என்று எதிரில் நின்று கேட்டால், "இல்லை" என்ற பதிலே வரும். வேறு வழியாகப் போகலாம். "இன்னிக்கு ஓய்வு நேரத்தில யாரோட சாப்பிட்டே?", "வேன்ல எந்த இடத்தில உக்காந்தே?", "வகுப்புல யாரைப் பார்த்து எல்லாரும் பயப்படுறாங்க?" போன்ற கேள்விகளுக்குப் பிள்ளை பதில் சொல்லும், அந்தப் பதில்களுக்குள்ளே செய்தி இருக்கும். முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட, வெங்காயம் உரித்துக்கொண்டோ மோட்டார் சைக்கிளில் போகும்போதோ கேட்பது நல்லது. பார்வை நேருக்கு நேர் மோதாதபோது நாக்கு எளிதாக அவிழ்கிறது.

சொல்லத் தொடங்கிவிட்டால், முதல் ஐந்து நிமிடம் நாம் பேசாமல் இருக்க வேண்டும். "நீ என்ன செஞ்சே?" என்பது முதல் கேள்வியாக வரக் கூடாது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அவன் வீட்டைக் காட்டு" என்று கிளம்புவதும் கூடாது. அப்படிக் கிளம்பிய தந்தையைக் கண்ட பிள்ளை அடுத்த முறை எதையும் சொல்லாது. "நீ சொன்னது நல்லது. தப்பு உன் பேர்ல இல்லை. அடுத்து என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிப்போம்" என்ற மூன்று சொற்றொடர்கள் அப்போதைக்குப் போதும்.

"திருப்பி அடி" என்பது நம் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் அறிவுரை. கொடுப்பவர்கள் அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் வலு இல்லாததால் அடி வாங்குகிறவனிடம் போய் வலுவைக் காட்டு என்பது எப்படிப் பொருந்தும்? இரண்டாம் முறையும் தோற்றவன் அப்பாவிடமும் தோற்றவனாகிவிடுகிறான். இன்னும் கவலைக்குரியது ஒன்றுண்டு. தன்னால் திருப்பி அடிக்க முடியாதவன், தனக்காக அடிக்கக்கூடிய "அண்ணன்"களைத் தேடிப் போகலாம். பள்ளி வாயிலுக்கு வெளியே அவர்கள் காத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் தருவார்கள், பிறகு அதற்கு விலை கேட்பார்கள். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் இந்தியர் என்று அறிவித்தது. நாட்டு மக்கள்தொகையில் நாம் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வளவு இளைஞர்களும் பகடிவதைக்கு ஆளாகித்தான் அங்கே போனார்கள் என்று கூற முடியாது. வறுமையும் படிப்பை இடையில் விட்டதும் உண்டு. ஆனால் அஞ்சி நிற்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு வீடும் பள்ளியும் பாதுகாப்புத் தராவிட்டால், அதைத் தர வேறொருவர் முன்வருவார் என்பதை மறுக்க முடியாது.

பார்த்து நிற்பவர்கள்

கனடாவில் டொராண்டோ நகரத் தொடக்கப்பள்ளித் திடல்களில் ஆராய்ச்சியாளர்கள் மறைவாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். 2001-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, நூறு பகடிவதை நிகழ்ச்சிகளில் 88-இல் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். 19-இல் மட்டுமே எவனாவது ஒருவன் குறுக்கிட்டான். அப்படிக் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட முறை பத்து விநாடிக்குள் தொல்லை நின்றது. அடிப்பவனுக்குத் தேவை பார்வையாளர்கள். அவர்கள் சிரிப்பதை நிறுத்தினால் ஆட்டமே ஓய்ந்துவிடும். பின்லாந்து நாட்டின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய "கிவா" என்னும் திட்டம் இக்கருத்தின் மேலேயே கட்டப்பட்டது. அடிப்பவனையும் அடிபடுபவனையும் மட்டுமின்றி வகுப்பு முழுவதையும் பழக்குவதே அதன் முறை.

கௌரவர் அவையில் பாஞ்சாலி நீதி கேட்டபோது பீஷ்மரும் துரோணரும் இருந்த அந்த மண்டபத்தில் எழுந்து பேசியவன் விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. அவன் சண்டையிடவில்லை, "இது முறையன்று" என்றான், அவ்வளவுதான். நம் பிள்ளைகளிடமும் அவ்வளவுதான் எதிர்பார்க்கிறோம். அடிப்பவனோடு மோதச் சொல்ல வேண்டாம். சிரிக்காமல் இருக்கலாம். "வாடா, கேண்டீனுக்குப் போகலாம்" என்று அடிபடுகிறவனை அழைத்துக்கொண்டு நகரலாம். ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாம். அது கோள்மூட்டுவது ஆகாது என்பதைப் பெற்றோர் வீட்டில் தெளிவுபடுத்தி வைக்க வேண்டும். ஒருவனைச் சிக்கவைக்கச் சொல்வது கோள். ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது உதவி. ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

பள்ளியிடம் போகும்போது

முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அடுத்து ஆலோசனை ஆசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர், தலைமையாசிரியர். என்றைக்கு, எங்கே, யார், என்ன, யார் பார்த்தார்கள் என்பதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது. புலனத்தில் வந்த செய்திகளை அழித்துவிடாமல் படமெடுத்து வைக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதைவிடக் கடிதமாகக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளலாம். பள்ளியில் தீர்வு கிட்டாவிட்டால் மாவட்டக் கல்வி இலாகா இருக்கிறது. கல்வி அமைச்சுக்குப் பகடிவதைப் புகார்களுக்கென்றே தனி அகப்பக்கமும் உண்டு. மலாய் எழுதத் தயங்கும் பெற்றோருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்க நமது ஆலயத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரேனும் வாரம் ஒரு மாலை அமர்ந்தால், அதுவே பெரிய தொண்டு.

இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "மன்னிப்புக் கேள், கைகுலுக்கு" என்று முடித்துவிடும் வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சமமான இருவரின் சண்டைக்கு அது சரி. ஒருவன் அஞ்சி நடுங்கும் நிலையில், அவனை அடித்தவன் முன்னே நிறுத்துவது இன்னொரு தண்டனை. தனித்தனியே பேச வேண்டும். புகாருக்குப் பின் அப்பிள்ளைக்கு என்ன காவல் என்பதும் அதே கூட்டத்தில் முடிவாக வேண்டும்: எந்த வேனில் வருவது, ஓய்வு நேரத்தில் யார் கண்காணிப்பது, எந்த நாளில் மீண்டும் கூடிப் பேசுவது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், தமிழகத்தில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த ஒன்று அதன் அவசியத்தைக் காட்டிவிட்டது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த 17 வயது தலித் மாணவர், சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாளாமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பள்ளி விசாரித்தது, நடந்ததைக் குடும்பம் சொன்னது. அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள், உடன் படித்த மாணவர்கள். இருவரும் பிழைத்தனர். அம்மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர்க் குழு 2024-ஆம் ஆண்டு ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஆலயத்தில் நாம் காப்பாகக் கட்டும் கயிறு, அங்கே எதற்குப் பயன்பட்டிருக்கிறது பாருங்கள்!

நம் நாட்டிலும் சட்டம் கடுமையாகியுள்ளது. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் இணையத்தில் தொடர்ந்து ஏசப்பட்ட இந்தியப் பெண்மணி ஒருவர் கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை ஏசியவர்களுள் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. அதைக் கேட்டு மக்கள் கொதித்தனர். பின்னர்க் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டு ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. ஒருவரைத் தற்கொலைக்கோ அதன் முயற்சிக்கோ தூண்டிவிட்டால் பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். எனினும், காவல் நிலையத்தில் தொடங்கும் வழக்கு எட்டு வயதுப் பிள்ளையின் நாளைய ஓய்வு நேரத்தைக் காப்பாற்றாது. அதைக் காப்பவர்கள் பள்ளியில் இருப்பவர்களே.

அடிக்கிற பிள்ளையும் நம் பிள்ளைதான். வீட்டில் பெல்ட்டால் அடிபட்டவன் பள்ளியில் கையை நீட்டுவது புதுமையல்ல. தலைமையாசிரியர் அழைத்தவுடன் அலுவலகத்திலேயே மகனைப் பளார் என்று அறையும் தந்தையர் உண்டு. கண்டிப்பைக் காட்டுவதாக அவர் நினைக்கிறார். வலுத்தவன் இளைத்தவனை அடிக்கலாம் என்ற பாடத்தையே மறுபடி நடத்துகிறார். செய்ததை ஒப்புக்கொள்ள வைப்பது, கிழித்த புத்தகத்துக்கு ஈடு கட்ட வைப்பது, சில வாரங்கள் அவன் நடத்தையைத் தொடர்ந்து பார்ப்பது ஆகியவை அடியைவிடக் கடினமானவை. பலன் தருபவையும் அவையே.

கொடுக்கும் கை

இனி நன்கொடையாளர்களாகிய நம்மைப் பற்றி. பள்ளி திறக்கும் பருவத்தில் பல ஆலயங்களிலும் அறவாரியங்களிலும் மேடை போட்டுப் பெயர் வாசித்து ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, சீருடை, காலணி வழங்குகிறோம். பிள்ளை நிழற்படத்துக்கு நிற்கிறது. படம் முகநூலில் ஏறுகிறது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் "கோயில்ல குடுத்த சப்பாத்து" என்று ஒருவன் சொன்னால், நாம் கொடுத்த பொருளே அப்பிள்ளையின் மேல் எறியும் கல்லாகிறது. கொடுத்தவரின் உள்ளம் தூயது, அதில் ஐயமில்லை. ஆனால் பெறுகிறவரின் வயது பத்து என்பதை நாம் நினைக்க வேண்டும்.

அரசாங்கமே இதில் ஒரு வழி காட்டியது. பள்ளித் தொடக்க உதவித்தொகையை முன்பு வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். 2023-ஆம் ஆண்டில் 150 வெள்ளியை வருமான வேறுபாடின்றி எல்லா மாணவருக்கும் கொடுத்தார்கள். எல்லாரும் பெறும்போது யாரும் சுட்டப்படுவதில்லை. அறவாரியத்தால் எல்லாருக்கும் கொடுக்க இயலாது. ஆனால் கடைப் பற்றுச்சீட்டைப் பெற்றோரிடம் உறையில் வைத்துத் தரலாம். பிள்ளை தானே போய்ப் பிடித்த பையை எடுத்துக்கொள்ளும். சின்னம் அச்சிட்ட பை வேண்டாம். ஒரு சிறிய தமிழ்ப்பள்ளிக்குக் கொடுப்பதானால், வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். நன்கொடையாளர் பெயரை இதுபோன்ற மலரில் அச்சிடுவதில் தவறில்லை. பெற்றவரின் படம்தான் தேவையில்லை.

தனிவகுப்புக்கும் பரிசளிப்புக்கும் நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். பிள்ளையின் மனத்துக்கென்று கொடுப்பது அரிது. சிறிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் முழுநேர ஆலோசனை ஆசிரியர் கிடையாது. மருத்துவமனையில் தேதி கிடைத்தும், நகருக்கு வர வண்டியில்லாமல் தவறவிடும் தாய்மார் உண்டு. அந்தப் பயணச் செலவை ஏற்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு நடத்தும் ஆசிரியைக்கு, மேலே சொன்ன அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஒருநாள் பயிற்சி தரலாம். சிலம்பம், பரதம், கால்பந்து எதுவானாலும், பள்ளியில் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு வேறோர் இடத்தில் இரண்டு நண்பர்கள் கிடைப்பது பெரிய மருந்து. ஒன்று மட்டும் எச்சரிக்கை. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெற்றவரே ஆலோசகராகப் பணியாற்றலாம். ஆர்வம் மிகுந்த தொண்டர்களை அமர்த்தி "மனநல ஆலோசனை மையம்" என்று பலகை மாட்டிவிடக் கூடாது. தொண்டர்கள் பிள்ளை பேசுவதைக் கேட்கலாம், உரியவரிடம் அழைத்துப் போகலாம். தனியறையில் ஒரு பிள்ளையோடு ஒருவர் மட்டும் இருப்பதையும் தவிர்க்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்

நம் மாநிலத்துக்கென்று ஒரு தனித் தடை இருக்கிறது. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, நூறாண்டுகளுக்கு மேலாக எத்தனையோ குடும்பங்களுக்கு உதவி வருகிறது. ஆனால் அந்த ஊர்ப் பெயரையே நாடு முழுதும் கேலிப் பெயராக்கிவிட்டார்கள். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று நாமே வேடிக்கையாகச் சொல்கிறோம். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தூக்கமில்லாமல் தவிக்கும்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எப்படிக் கேட்கும்? 2022-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தது. ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருந்தது. இது யாரோ சிலரின் வீட்டுச் சங்கதி அல்ல.

பிள்ளை சாப்பிடாமல், உறங்காமல், விரும்பிய விளையாட்டையும் விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பக்கத்து அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கிருந்தே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். "செத்துப் போகலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே தனியே விடாமல் உடனிருந்து, அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வரும் என்று அஞ்சி மறைக்கத் தேவையில்லை.

தொலைபேசியில் பேசவும் வழியுண்டு. சமூகநல உதவிக்கு 15999, மனநல ஆலோசனைக்கு 15555. பெஃப்ரெண்டர்ஸ் என்னும் தொண்டு அமைப்பு ஈப்போவிலும் இயங்குகிறது. தமிழில் பேச விரும்புவோர் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிக் கேட்கலாம். முதல் முறை அழைக்கும்போது தாயோ தந்தையோ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு, பேசுவதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம். பிள்ளை விரும்பினால் அறைக்கு வெளியே போய்க் காத்திருக்கலாம்.